பூசணிக்காயில் பதம் பார்த்த கத்தி

அம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருக்கழுக்குன்றத்தில் அவன் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் மாமரத்துக்கும் நடுவே தகரம் போட்ட ஒரு கொட்டகை உண்டு. புதன்கிழமையிலிருந்து ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அதற்குள்ளேயே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான். மேஜையில் மூன்று கத்தித் தகடுகள் கிடந்தன. அச்சரப்பாக்கத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி ஸ்பிரிங்கின் கமான் பட்டையை அறுத்து, வடிவம் கொடுத்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்திப் பதம் ஏற்றியவை. முதுகு இருந்தது, முனை இருந்தது, பிடிக்கு ஆணி அடிக்க ஓட்டைகூட இருந்தது. கூர் மட்டும் இல்லை.

கூர் வைக்கத் தெரியாதவன் இல்லை அவன். வயது நாற்பத்து மூன்று. கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. அவனுக்கு வந்துபோன பைத்தியங்களுக்குக் கணக்கில்லை. பழைய ரேடியோ வந்தது, தொட்டிச் செடி வந்தது, கிடார்கூட ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது. கத்தி மட்டும்தான் ஆறு வருஷமாக நிலைத்தது. செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் கத்தி செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். தானே ஒரு மோட்டாரை வைத்து, உப்புத்தாள் பட்டை ஓடுகிற பெல்ட் கிரைண்டர் கட்டினான். காய்கறிக் கத்தி செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தான். வாங்கிக்கொண்டவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்தான் அவனைக் கெடுத்தது என்று நான் சொல்வேன்.

கத்தி செய்கிறவனுக்கு உண்மையான தலைவலி ஒன்றே ஒன்றுதான். முதுகிலிருந்து கூருக்கு இறங்குகிற அந்தச் சரிவை எப்படித் தேய்ப்பது? இரண்டு பக்கமும் கன்னம் ஒட்டினாற்போல் குழித்துத் தேய்த்தால் அது ஹாலோ. வெண்ணெய் மாதிரி வெட்டும்; ஆனால் விளிம்பு காகிதம்தான். முதுகிலிருந்து நேராக இறக்கினால் ஃப்ளாட், நடுவாந்தரம். வேப்பங்கொட்டை மாதிரி லேசாக உப்ப விட்டால் கான்வெக்ஸ். கல்லில் மோதினாலும் உடையாது, ஆனால் வெட்டுகிறவர் தோளில் பலம் வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தேய்த்த இரும்பு திரும்பி வராது.

பாப்பாவுக்கு அவன் செய்து கொடுத்த முதல் கத்தி ஹாலோ.

பாப்பா கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். மீன் விற்பவர்கள் வேறு, வெட்டிக் கொடுப்பவர்கள் வேறு. வாங்கிய மீனை அவள் முன்னால் வைத்தால் செதில் சீவி, குடலெடுத்து, துண்டு போட்டுக் கையில் கொடுப்பாள். அம்பியின் ஆபீசில் அவனுக்குப் பக்கத்து மேஜை ஏசுதாஸ் ஞாயிறு தவறாமல் அவளிடம்தான் போவான். அவன்தான் வருஷ ஆரம்பத்தில், "சார், ஊருக்கெல்லாம் காய்கறிக் கத்தி செய்றீங்க, எங்க பாப்பாம்மாவுக்கு ஒண்ணு செஞ்சி குடுங்களேன்" என்று கேட்டான். அம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் மெனக்கெட்டான். முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டான். மெல்லிய காகிதத்தைச் சத்தமில்லாமல் கிழித்துப் பார்த்தான். பூசணிக்காயை ஒரே இழுப்பில் இரண்டாக்கிப் பார்த்தான். மஞ்சள் துணியில் சுற்றி ஏசுதாஸிடம் கொடுத்தனுப்பினான். தான் போகவில்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, கூட்ட நேரத்தில், ஒரு பெரிய வஞ்சிரத்தின் கழுத்தில் அந்தக் கத்தி உடைந்தது. விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து, கத்தி எகிறி, மீனைப் பிடித்திருந்த பாப்பாவின் இடது கையில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போகிற நரம்பு இரண்டும் அறுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். பதினோரு வாரம் கட்டு. கட்டைப் பிரித்தபோது இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன, மடங்கவில்லை. அம்பி ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனான். பழப்பையை வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் வைத்துவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டான்.

போன வாரம் ஏசுதாஸ் சொன்னான். "பாப்பாம்மா திரும்ப உக்காந்துடுச்சி சார். அதோட பழைய கத்தி. பத்து மீனுக்கு ஒரு தபா தீட்டணும். இடது கையால மீன இறுக்கிப் புடிக்க முடியல, வழுக்கிகினே போவுது. இன்னொரு விரலும் போயிடுமோன்னு பயமா கீது சார்."

இதுதான் அம்பியைப் பிடித்து ஆட்டியது. கத்தி மெல்லியதாக இருந்தால் பலமில்லாத கையாலும் வெட்டலாம். ஆனால் மறுபடி உடையலாம். கனமாக இருந்தால் உடையாது. ஆனால் அழுத்தி வெட்ட வேண்டும், அழுத்தினால் மீன் வழுக்கும், வழுக்கினால் கத்தி கையில் இறங்கும். அவள் கையில் இரண்டாவது தடவையாக ஒரு கத்தியைக் கொடுக்கத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றே அவனுக்குத் தெரியவில்லை. கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமையன்று முதல் தகட்டை நேர்ச்சரிவாகத் தேய்த்தான். வலது பக்கம் ஒரு நூல் அதிகமாக இறங்கிவிட்டது என்று இடது பக்கத்தை அதற்குச் சமமாக இறக்கினான். இப்போது இடது பக்கம் கூடுதலாகத் தெரிந்தது. வலதைத் தொட்டான். கத்தி செய்கிற எல்லாருக்கும் இந்த வியாதி தெரியும், தெரிந்தும் விழுவார்கள். மனசு நிதானத்தில் இல்லாதவன் சீக்கிரம் விழுவான். பதினைந்தாவது தடவை பெல்ட்டில் வைத்து எடுத்தபோது விளிம்பு நெடுக மயில் கழுத்து நீலம் ஓடியிருந்தது. சூடேறிப் பதம் போய்விட்டது. இனி அது தோசைத் திருப்பிக்குத்தான் ஆகும். அம்பி அதைத் தூக்கி எறிந்தான். தகரத்தில் பட்ட சத்தத்தில் மாமரத்திலிருந்த காக்கைகள் கலைந்தன.

வெள்ளிக்கிழமை இரண்டாவது. முழுக்க உப்பலாக, கனமாக விட்டான். சாயங்காலம் வழக்கம்போல் பூசணிக்காயில் வைத்து அழுத்தினான். பாதியில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பூசணிக்காயோடு சேர்த்துத் தூக்கி உதறிக்கொண்டிருந்தபோது மனைவி காயத்ரி காப்பியோடு வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பயாலஜி எடுப்பவள். எதையும் நேராகக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

"ஏன்னா, நீங்க மீன் வெட்டறத எப்பவாவது பாத்திருக்கேளா?"

"எத்தனை வீடியோ பாத்தாச்சு."

"வீடியோல வெட்டறது பாப்பாம்மா இல்லையே. அவா எப்படி வெட்டறான்னு பாத்திருக்கேளா?"

அம்பி பூசணிக்காயைக் கீழே வைத்தான். எங்கே பார்த்தது? மீன் வாடை வீட்டு வாசல் ஏறாத குடும்பம். ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆபீசுக்கு நடக்கும்போது மார்க்கெட் பக்கம் வந்தால் மூச்சை அடக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போவான். வெறுப்பு என்று சொல்ல முடியாது. யாரையும் ஒரு வார்த்தை தாழ்த்திப் பேசியதும் இல்லை. சின்ன வயதில் வந்த பழக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கத்தோடு மீன் கத்தி செய்யக் கிளம்பியிருக்கிறானே, அதைத்தான் காயத்ரி கேட்டாள்.

"காலேஜ்ல நான் கெளுத்தி மீன அறுத்திருக்கேன்" என்றாள் அவள். "முதல் நாள் குமட்டித்து. மறுநாள் சரியாப் போச்சு. போய்ப் பாருங்கோ."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்பி மார்க்கெட்டில் நின்றான். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். செருப்புக்குள் சில்லென்று ஏறியது. வாடை மூக்கைத் துளைத்தது. கைக்குட்டையை எடுக்கப் போனவன், பாப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அதைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டான். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு புளியங்கட்டை போட்டிருந்தாள். அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன் யாரென்று தெரிந்த பார்வைதான். அடுத்த மீனை எடுத்தாள்.

அம்பி ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கண்ணைத் திருப்பவும் இல்லை. அப்போதுதான் அது அவன் கண்ணில் பட்டது. செவுளுக்குப் பின்னால் கத்தியின் முன்பாதியை வைத்துத் தோலையும் சதையையும் இழுத்து அறுப்பாள். எலும்பு தட்டியதும் கத்தியை முன்னால் தள்ளி, பிடிக்குப் பக்கத்திலிருக்கிற பகுதியை எலும்பு மூட்டில் நுழைப்பாள். அப்புறம் வெட்டமாட்டாள். மணிக்கட்டை ஒரு திருகு திருகுவாள். டக்கென்று ஒரு சத்தம். தலை தனியாக வந்துவிடும். ஒவ்வொரு மீனுக்கும் அந்தத் திருகு உண்டு. பெரிய மீனுக்கு இரண்டு திருகு.

ஆறு வருஷமாக அவன் செய்த எந்தக் கத்தியையும் பக்கவாட்டில் திருகிப் பார்த்ததே இல்லை. மேலிருந்து கீழே வெட்டுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வெட்டு. காகிதம் மாதிரி மெல்லிய விளிம்பை எலும்பு மூட்டுக்குள் விட்டுத் திருகினால் உடையாமல் என்ன செய்யும்? ஐந்து ஞாயிற்றுக்கிழமை அது தாங்கியதே பெரிய விஷயம்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பாப்பாவே வாயைத் திறந்தாள்.

"இன்னா ஐயரே, மீன் வோணுமா?"

"இல்ல பாப்பாம்மா."

"பின்ன இன்னாத்துக்கு அங்கியே நின்னுகினு கீற?"

"நீங்க வெட்டறத பாக்கணும்னு வந்தேன்." அவள் மணிக்கட்டைக் காட்டினான். "இப்படி திருகுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியலன்னா வந்து பாக்கறது. மார்க்கெட்டு இன்னா பூட்டியா கீது? நாப்பது மீனு வந்தா நாப்பது தபா திருகுறேன். ரோட்ல போற நாயிக்குக் கூட தெரியும்." அவள் கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "அத எதுல வெட்டிப் பாத்துட்டு எனுக்கு குடுத்த?"

"பேப்பர்ல... அப்புறம் பூசணிக்காய்ல."

அவள் சிரிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"பூசணிக்காக்கு முதுவெலும்பு கீதா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையிலிருந்த பழைய கத்தியை ஒரு தரம் பார்க்கத் தரமுடியுமா என்று கேட்டான். தயங்கித்தான் நீட்டினாள். வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டித் தேய்ந்த கத்தி. முன்பாதி சன்னமாக இருந்தது. பிடிக்குப் பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு உளி மாதிரி தடித்து உப்பியிருந்தது. அதை யாரும் அப்படிச் செய்யவில்லை. வெட்டுகிற கையே அதை அப்படி ஆக்கியிருந்தது. ஹாலோவா, ஃப்ளாட்டா, கான்வெக்ஸா என்று மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டானே, ஒரே சரிவாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்? விரலால் தடவிப் பார்த்து, நீளத்தை மனதில் வாங்கிக்கொண்டு, கத்தியைத் திருப்பிக் கொடுத்தான்.

"நாளைக்கு ஒரு கத்தி கொண்டு வரேன் பாப்பாம்மா."

"எடுத்துகினு வா, பாக்கலாம்" என்றாள் அவள். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானமே கடைசித் தகட்டை எடுத்தான். முன்பாதியை நேர்ச்சரிவாக இறக்கினான். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கினான். சூடு தெரியவேண்டும் என்று கையுறை போடவில்லை. பின்பாதியை பெல்ட் தொய்வாக ஓடுகிற இடத்தில் வைத்து உப்பலாக விட்டான். இரண்டும் சேருகிற இடம்தான் உயிரை வாங்கியது. அங்கே ஒரு வரி விழுந்தது. அதை மறைக்க இன்னும் ஒரு தேய்ப்பு தேய்க்கலாமா என்று கை பரபரத்தது. வலது பக்கம் இடது பக்கத்தைவிட ஒரு மயிரிழை தடிப்பாகத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டும் போய்விட்டான். வியாழக்கிழமை நீலம் ஓடிய தகடு ஞாபகம் வந்தது. எட்டி சுவிட்சை அணைத்தான். மோட்டார் ஓய்ந்து நிற்கும்வரை கத்தியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். பாலிஷ் போடவில்லை. பூசணிக்காய்ப் பக்கமே போகவில்லை. ஒரு மாட்டெலும்பு வாங்கித் திருகிப் பார்க்கலாமா என்று நினைத்தான். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டான். ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நெரிசல். பாப்பா முன்னால் ஏழெட்டுப் பேர். ஏசுதாஸ் மூன்று கிலோ வஞ்சிரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றான். அம்பி கத்தியை நீட்டினான். பாப்பா வாங்கினாள். எடையைப் பார்த்தாள், கண்ணருகே வைத்து விளிம்பைப் பார்த்தாள், அந்த வரியைக் கட்டைவிரலால் தடவினாள். அப்புறம் பிடியை அவன் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"நீயே வெட்டு."

"நானா?"

"நீதான் செஞ்ச. நீ வெட்டு, நான் பாக்கறேன்."

"பாப்பாம்மா, அவரு மீனே தொட்டதில்ல" என்றான் ஏசுதாஸ்.

"தெரியும். அதான் சொல்றேன்." அவள் பலகையிலிருந்து எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். "ஏசு, உன் மீன வையி."

நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். ஐயர் மீன் வெட்டப் போகிறார் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. அம்பி பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான். வஞ்சிரம் கண்ணைத் திறந்துகொண்டு அவனைப் பார்த்தது. இடது கையை மீனின் வால் பக்கமாக, விரல் நுனி மட்டும் படும்படி வைத்தான்.

"அங்க இல்ல" என்றாள் பாப்பா. தன் இடது கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு விரலும் மடங்காமல் நின்றன. விரல் அடியில் தையல் தழும்பு ரோஜா நிறத்தில் புடைத்திருந்தது. "இங்க புடி. செவுளுக்குக் கீய. நான் புடிச்ச எடத்துல."

அம்பியின் கை நகரவில்லை. அந்த இடத்தில் கை வைத்தால், கத்தி உடைந்தால், அது எங்கே இறங்கும் என்று அங்கே நின்ற எல்லாரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். இரும்பு எவ்வளவு தடிப்பு, பதம் எத்தனை, அந்த வரி எங்கே பலவீனம், எல்லாம் தெரியும். தெரிந்தும் நம்பிக்கை வரவில்லை. இந்த இடத்தில் தன் கையை வைக்க இவ்வளவு பயப்படுகிறவன், அவள் கையை மட்டும் எந்த தைரியத்தில் வைக்கச் சொன்னான்? நினைக்கும்போதே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவன் கையை நகர்த்தியது. செவுளுக்குக் கீழே, சில்லென்று வழுக்குகிற சதையில், ஐந்து விரலையும் அழுத்தி வைத்தான்.

முன்பாதியால் இழுத்தான். தோல் பிரிந்தது, சதை விட்டுக்கொடுத்தது. எலும்பு தட்டியது. கத்தியை முன்னால் தள்ளி மூட்டைத் தேடினான். கிடைக்கவில்லை. "இன்னும் ரவ மேல" என்றாள் அவள். கிடைத்தது. கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. மூடாமல், மணிக்கட்டைத் திருகினான். போதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு இன்னொரு தரம் திருகினான்.

டக்.

தலை கட்டையிலிருந்து உருண்டு ஏசுதாஸ் காலடியில் விழுந்தது. யாரோ கை தட்டினார்கள். அம்பிக்கு அது காதில் விழவில்லை. தன் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான். ஐந்தும் மடங்கின.

பாப்பா கத்தியை வாங்கித் தண்ணீரில் அலசி, விளிம்பில் நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாள். எங்கேயும் தட்டவில்லை. இரண்டாவது தடவையும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"இத அன்னிக்கே பண்ணியிருந்தா, இன்னிக்கு எந் தலைய நானே வாரி முடிஞ்சிகினு இருப்பேன் ஐயரே. தெனம் காலையில பக்கத்து வூட்டுக்காரி கிட்ட போயி குந்திகினு கீறேன்."

பழப்பையை பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வந்த நாளிலிருந்து அவன் சொல்லாமல் வைத்திருந்தது, இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகவே வந்துவிட்டது.

"என் தப்புதான் பாப்பாம்மா."

"தெரியும்" என்றாள் பாப்பா. "எழுந்துரு. ஜனம் நிக்குது பாரு."

அவன் எழுந்தான். அவள் பலகையில் உட்கார்ந்து, ஏசுதாஸின் மீனை இழுத்துப் போட்டு, அந்தக் கத்தியாலேயே துண்டு போட ஆரம்பித்தாள். அடுத்து ஒரு பாறை மீன் வந்தது, அதற்கடுத்து ஒரு கொடுவா. ஒவ்வொரு தடவை அவள் மணிக்கட்டைத் திருகும்போதும் அம்பியின் கண் அவள் இடது கையிலேயே இருந்தது. போகலாம் சார் என்று ஏசுதாஸ் இரண்டு முறை கூப்பிட்டான். கூட்டம் கலைந்து, அவள் புளியங்கட்டையைக் கழுவி நிமிர்த்தும்வரை, அம்பி அங்கிருந்து நகரவில்லை.